பழைய எம்ஜிபி கார் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் திணறுவது ஏன்?

நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடுகிறது, மிதித்தால் மட்டும் திணறுகிறது என்கிறீர்கள். தயவுசெய்து கார்புரேட்டரை, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவியை, உடனே பிரிக்காதீர்கள். முதலில் அதன் எண்ணெயைப் பாருங்கள். 1962இல் வெளிவந்த எம்ஜிபியில் இருப்பவை எஸ்யூ (SU) என்ற வகையைச் சேர்ந்த இரட்டை கார்புரேட்டர்கள். ஒவ்வொன்றின் தலையிலும் உள்ள மூடியைத் திருகினால் அதனோடு ஒரு மெல்லிய தண்டு வெளியே வரும். அது எண்ணெயில் மூழ்கியிருந்தால்தான் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் நிதானமாக எழும்; அந்தக் கணத்தில் கலவையில் பெட்ரோல் சற்றுக் கூடும். எண்ணெய் வற்றினால் பிஸ்டன் துள்ளி எழுந்துவிடும், கலவை மெலியும், வண்டி திணறும். 20 கிரேடு எண்ணெய் போதும்.

அப்படியும் தீரவில்லையா? எஞ்சினை நிறுத்தி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். ‘டக்’கென்று விழ வேண்டும். ஒட்டினால் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். இரண்டு பிஸ்டன்களையும் இடம் மாற்றிவிடாதீர்கள், ஒவ்வொன்றும் தன் கூட்டுக்கென்றே பொருத்தப்பட்டது.