யாருடைய 9 மணி?

கேள்வி: எங்கள் சர்வரைப் புரோமீதியஸ் (அளவுகளைச் சேகரிக்கும் மென்பொருள்) வைத்துக் கண்காணிக்கிறோம், கிராஃபானாவில் (அவற்றை வரைபடமாகக் காட்டும் மென்பொருள்) பார்க்கிறோம். ஒரு வாரச் சராசரி அருமையாக இருக்கிறது, ஆனால் பயன்படுத்துகிறவர்கள் ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று திட்டுகிறார்கள். காலை 9 முதல் மாலை 6 வரை உள்ள டேட்டாவை மட்டும் பார்க்கலாம் என்று 'ஹவர்' ஃபங்ஷனைப் போட்டால், வேறு ஏதோ நேரத்து டேட்டா வருகிறது. எங்கே தப்பு?

பதில்: திட்டுகிறவர்கள் பக்கம்தான் நியாயம். ஆளே இல்லாத நடுராத்திரி 3 மணிக்கும் எல்லோரும் மொய்க்கும் காலை 11 மணிக்கும் ஒரே எடை போட்டுச் சராசரி எடுத்தால், ராத்திரியின் வேகம் பகலின் மந்தத்தை மூடி மறைத்துவிடும். அதனால் நேரம் பிரித்துப் பார்க்க நினைத்தது சரிதான்.

தப்பு கடிகாரத்தில் இருக்கிறது. புரோமீதியஸின் 'ஹவர்' தருவது யுடிசி (உலகப் பொது நேரம்) மணி, உங்கள் ஊர் மணி அல்ல. கிராஃபானாவில் டைம்ஸோனை மாற்றிவிட்டேனே என்பீர்கள், அது திரையில் தெரியும் நேரத்தை மட்டும்தான் மாற்றும், டேட்டாவைக் கேட்டு நீங்கள் எழுதும் குவெரிக்குள் எட்டிக்கூடப் பார்க்காது (இதில் நானும் ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவன்தான்). இப்போதைய நேரத்தோடு, யுடிசிக்கும் உங்கள் ஊருக்கும் உள்ள வித்தியாசத்தை விநாடியில் கூட்டி, அதை 'வெக்டர்' ('ஹவர்' ஏற்கும் வடிவம்) ஆக்கி 'ஹவர்'க்குள் கொடுங்கள். யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறீர்கள் என்றால் 19,800 விநாடி. கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் நாடு என்றால் இந்த எண்ணையும் வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கும், தலைவலிதான்.

அப்புறம், மாலை 6 வரை என்றால் '18க்குக் கீழ்' என்று எழுதுங்கள். '18 வரை' என்று எழுதினால் 6.59 வரைக்கும் உள்ளே வந்துவிடும். வாரச் சராசரி வேண்டுமானால் முதலில் வடிகட்டிவிட்டு அதன் மேல் சப்குவெரியாக (குவெரிக்குள் இன்னொரு குவெரி) சராசரி போட வேண்டும், சராசரி எடுத்த பிறகு வடிகட்டிப் பயனில்லை. இன்னொன்று, 'ரேட்'டுக்கு (விநாடிக்கு எவ்வளவு கூடுகிறது என்று கணக்கிடும் ஃபங்ஷன்) ஒரு மணி நேர ஜன்னல், அதாவது கணக்கில் எடுக்கும் கால அளவு, வைத்திருந்தால் 9.05க்குத் தெரியும் எண்ணில் 8.05லிருந்து நடந்ததும் கலந்திருக்கும், ஜன்னலை 5 நிமிஷமாகக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: இரவு 10 முதல் காலை 6 வரை வடிகட்டினால் ஒன்றுமே வருவதில்லை. அந்த நேரத்தில் அலெர்ட்டையும் நிறுத்த முடியவில்லை.

பதில்: '22க்கு மேல், அதோடு 6க்குக் கீழ்' என்று எழுதியிருப்பீர்கள். அப்படி ஒரு மணி கிடையாதே! '22 அல்லது அதற்கு மேல்', இல்லையென்றால் '6க்குக் கீழ்' என்று 'ஆர்' போட்டு இணையுங்கள். அலெர்ட்மேனேஜரிலும் (புரோமீதியஸின் அலெர்ட்களை அனுப்பும் மென்பொருள்) ஒரே வரம்பு நள்ளிரவைத் தாண்டாது, 22:00 முதல் 24:00, 00:00 முதல் 06:00 என்று இரண்டாக உடைக்க வேண்டும். டைம்ஸோன் பெயரை அங்கேயே கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் அதுவும் யுடிசிதான். கிழமையும் சேர்த்து வடிகட்டுகிறீர்களா? அப்படியானால் வெள்ளி ராத்திரி ஷிஃப்டின் பின்பாதி சனிக்கிழமைக் கணக்கில்தான் கிடக்கும், அங்கே தேடுங்கள்.