நாய்க்கும் தோட்டத்துக்கும் ஒரே வேலி வேண்டாம்

வணக்கம். கல்லடியில் உங்கள் பூங்காவில் நாய்களை அவிழ்த்துவிடும் இடத்தையும் மரக்கறித் தோட்டத்தையும் ஒரே வேலிக்குள் அமைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். நாய் மலத்தோடு வரும் வட்டப்புழு முட்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். நம் ஈர மணலில் கொக்கிப்புழுவும் வளரும். வெறுங்காலோடு திரியும் பிள்ளைகளின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

மார்கழி மழையில் குடையோடு போய், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். தோட்டம் மேட்டில் இருக்கட்டும். நாய்களுக்குப் பள்ளப்பக்கம், ஆனால் வாவிக்கரையை விட்டுத் தள்ளி.

அப்புறம், வாசலுக்கு இரட்டைப் படலை கட்டாயம். ஒன்றைச் சாத்திய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். ஒற்றைப் படலை திறந்த நொடியில் எங்கள் நாய் வீதிக்குப் பாய்ந்தது. லொறி ஒரு முழத் தூரத்தில் பிரேக் போட்டு நின்றது. விசர்நாய்த் தடுப்பூசி அட்டை இல்லாத நாயை உள்ளே விடாதீர்கள்.