குடிநோய் சிகிச்சை: மையத்தில் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: என் கணவர் பதினைந்து வருடமாகத் தினமும் குடிக்கிறார். காலையில் கை நடுங்கும். ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நிற்கும். இப்போது அவரே சிகிச்சைக்கு வருகிறேன் என்கிறார். ஒரு மையத்தில் பத்து நாள் போதும் என்கிறார்கள், இன்னொன்றில் மூன்று மாதம் என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: நாள் கணக்கைப் பிறகு பார்க்கலாம். அந்தக் காலை நடுக்கம்தான் முக்கியம். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் சிந்துகிறது என்றால், மது இல்லாமல் அவருடைய நரம்புகளால் நிதானமாக இயங்க முடியவில்லை என்று பொருள். இப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 12 மணி நேரத்தில் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு மூன்றாம் நாள் வாக்கில் புத்தி தடுமாறும். சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார்கள். அது உயிரையே பறிக்கக்கூடிய கட்டம். தயவுசெய்து, மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் ‘இன்றோடு நிறுத்து’ என்று வீட்டில் வற்புறுத்தாதீர்கள்.

எனவே மையத்தில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: முதல் ஐந்து நாள் ராத்திரியில் யார் இருப்பார்கள்? ‘தேவைப்பட்டால் டாக்டர் வருவார்’ என்பது போதாது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், நடுக்கம் மூன்றையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்துவைக்க நர்ஸ் வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க டயஸிபாம் போன்ற நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்து ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் அதே வகையைச் சேர்ந்த லோராசிபாம்தான் பொருத்தம். அதனால் ரத்தப் பரிசோதனை செய்கிறார்களா என்று கேளுங்கள். தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசியும் கட்டாயம். அது குறைந்துபோன உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, நினைவாற்றல் திரும்பாமலே போகலாம்.

பத்து நாளில் முடிவது இந்த டீடாக்ஸ், அதாவது மதுவை நிறுத்தி உடம்பைத் தேற்றும் கட்டம் மட்டும். குடி ஏக்கம் அதற்குப் பிறகும் இருக்கும், வீடு திரும்பிய முதல் சில மாதங்களில்தான் பலர் மறுபடி தொடுகிறார்கள். அதனால் உள்ளே எத்தனை நாள் என்பதைவிட, வெளியே வந்தபின் எத்தனை மாதம் கவனிப்பார்கள் என்பதைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒரு வருடமாவது தொடர் கவுன்சலிங் இருக்க வேண்டும், உங்களுக்கும் சேர்த்து. அடுத்த சந்திப்பின் தேதியை டிஸ்சார்ஜ் அன்றே எழுதிக் கொடுக்காத இடம் வேண்டாம். நோயாளியோடு பேசவிடாத, தங்கும் அறையைக் காட்ட மறுக்கிற இடமும் வேண்டாம்.

கேள்வி: குடியை வெறுக்கவைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அது டைசல்பிராம். அவர் விஷயம் தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயமே பாதிக்கப்படலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் விளைவு இருக்கும். முழு சம்மதத்தோடு, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆனபிறகே தொடங்க வேண்டிய மருந்து அது. ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் இருக்கின்றன. முன்னதைக் கல்லீரல் மோசமாக இருந்தாலோ அபின் வகை வலிமருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ தர மாட்டார்கள். பின்னதற்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். இந்தப் பெயர்களையே சொல்லாமல் ‘மனவுறுதி போதும்’ என்கிற மையத்தில் பாதி வைத்தியம் விட்டுப்போகிறது.

கேள்வி: தம்பி சிகிச்சை முடித்து நான்காம் மாதம் மறுபடி குடித்துவிட்டான். வேறு மையம் பார்க்கவா?

பதில்: முதலில் பழைய மையத்துக்கே போன் செய்யுங்கள். திட்டினால் மாற்றுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரோடு, அதற்கு முன் மாத்திரையை எப்போது விட்டான் என்று விசாரித்தால் அங்கேயே தொடருங்கள். திரும்பவும் தினமும் குடிக்கிறான் என்றால் டீடாக்ஸிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். முன்பு வலிப்பு வந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். அப்படி வந்திருந்தால் அவனை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, படுக்கை வசதியுள்ள ஆஸ்பத்திரி வேண்டும்.