மகனுக்குச் சளிக்காய்ச்சல், வீட்டில் இனிப்புநீருள்ள மாமியார்: என்ன செய்வது?

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "மூன்றாம் ஆண்டு படிக்கும் மகனுக்கு இன்புளுவென்சா ஏ என்று கிளினிக்கில் சோதித்துச் சொன்னார்கள். வகுப்பிலும் நிறைய பிள்ளைகளுக்குக் காய்ச்சல். மாமியாருக்கு 71 வயது, இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உண்டு. எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கலாமா?"

வேண்டாம் சகோதரி. இது வைரஸ், ஆன்டிபயாடிக் இதை ஒன்றும் செய்யாது. மகனுக்கு வேறு நோய் இல்லையென்றால் ஒரு வாரத்தில் தேறிவிடுவான். எனக்குக் கவலையெல்லாம் உங்கள் மாமியாரைப் பற்றித்தான்.

வயதானவர்களுக்கு உடம்பு கொதிக்க வேண்டும் என்பதில்லை. சாப்பாடு வேண்டாம் என்பார், படுத்தே கிடப்பார், நிற்கும்போது தடுமாறுவார், கிழமை தெரியாமல் பேசுவார். வயசாச்சு, அசதி என்று நாமும் விட்டுவிடுவோம். இந்த வைரஸுக்கான ஒசெல்டாமிவிர் என்ற மருந்தை அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். அதனால் லேசான இருமல் வந்தாலும் அன்றைக்கே அழைத்துப் போங்கள். பேரனுக்கு இன்புளுவென்சா உறுதியாகிவிட்டது என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். கடைசி ரத்தப் பரிசோதனை முடிவும் கையில் இருக்கட்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள். அறிகுறி வருமுன்பே தடுப்பாக இதைக் கொடுப்பதும் உண்டு. இன்றே கேட்டுப் பாருங்கள்.

காய்ச்சலில் அவர் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை ஏறலாம். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருந்தால் இறங்கவும் செய்யும். வழக்கத்தைவிட அடிக்கடி விரலில் குத்திப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இனி மகன். பாரசிட்டமால் மருந்துப் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் விற்கிறது, 250 உள்ளதும் விற்கிறது. பழைய புட்டியின் கணக்கில் புதியதை ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அதாவது 25 கிலோ பிள்ளைக்கு 250 உள்ள மருந்தில் 5 மில்லி போதும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். கடையில் வாங்கும் சளி மருந்து பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. நம் ஊரில் டிங்கிக் காய்ச்சலும் சேர்ந்து சுற்றுவதால், சோதிக்காத காய்ச்சலுக்கு இபுபுரோஃபென் கொடுப்பதையும் தவிருங்கள். ஆவி பிடிக்க வைக்கிறேன் என்று கொதிக்கும் பாத்திரத்தைப் போர்வைக்குள் வைக்காதீர்கள், அது கவிழ்ந்து வெந்துபோகும் பிள்ளைகள் உண்டு. கஞ்சி, ரசம், தண்ணீர், எது இறங்குகிறதோ அது போதும்.

மகனைத் தனி அறையில் படுக்க வையுங்கள். இடமில்லையா? சரி, ஜன்னலைத் திறந்து வையுங்கள், மகனுக்கும் பாட்டிக்கும் முகக்கவசம் போடுங்கள், பாட்டி மடியில் படுப்பதை மட்டும் ஒரு வாரத்துக்கு நிறுத்துங்கள். மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு, டாக்டர் தந்த எம்சியும் (மருத்துவ விடுப்பு) முடிந்திருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம்.

மூச்சு வாங்குவது, உதடு நீலமாவது, எழுப்பினாலும் எழாமல் கிடப்பது, அரை நாளாகச் சிறுநீர் போகாதது, விட்ட காய்ச்சல் திரும்பக் கூடுதலாக அடிப்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக்குக்காகக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், இல்லையென்றால் 999ஐ அழையுங்கள்.

இன்புளுவென்சா தடுப்பூசி பலன் தர இரண்டு வாரம் ஆகும். இந்த முறைக்கு உதவாமல் போகலாம். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். வீடு தேறியதும் மாமியாருக்கு மட்டுமல்ல, அவரைக் கவனிக்கிற உங்களுக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.