நடுச்சக்கரத்தில் விளிம்பு இல்லையா? 9எஃப் மாடலுக்கு எண் ஒட்டும் முன்

கேள்வி: பிரிட்டிஷ் ரயில்வேயின் 9எஃப் சரக்கு என்ஜின் மாடல் (ஓஓ அளவு, அதாவது 1:76) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். நடு இயக்குசக்கர ஜோடியில், சக்கரத்தைத் தண்டவாளத்தில் பிடித்து நிறுத்தும் விளிம்பே இல்லை. உற்பத்திக் குறையா? எண்ணையும் மாற்றி ஒட்ட ஆசை. எது பொருந்தும்?

பதில்: குறையே அல்ல, அசல் என்ஜினும் அப்படித்தான். எடையைப் பரப்பி அச்சுக்குச் சுமார் 15.5 டன்னோடு நிறுத்தத்தான் ஐந்து ஜோடி இயக்குசக்கரங்கள் வைத்தார்கள். முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையே 21 அடி 8 அங்குலம். ஐந்திலும் முழு விளிம்பு இருந்தால் வளைவில் நடு ஜோடி தண்டவாளத்தை நெம்பிவிடும். அதனால் நடுச்சக்கரத்தைத் தட்டையாக விட்டு, இரண்டாவது, நான்காவது ஜோடிகளின் விளிம்பை மெலித்தார்கள். இன்றைய பாதைகளில் உயர்த்திப் பொருத்திய காப்புத் தண்டவாளத்தில் (சக்கரம் தடம் விலகாமல் தடுக்க உள்பக்கம் வைக்கும் கூடுதல் தண்டவாளம்) அந்தத் தட்டைச் சக்கரம் இடிக்கக்கூடும். பாதுகாக்கப்பட்ட 9எஃப்கள் முதன்மைப் பாதையில் ஓடாததற்கு அதுதான் காரணம்.

ஆகவே விளிம்புள்ள சக்கரத்தை மாற்றிப் போடாதீர்கள், 438 மி.மீ. ஆரமுள்ள வளைவில் தடம்புரளும். மாடலைக் கண்ணாடித் தகட்டில் நிறுத்தி, கண் மட்டத்தில் குனிந்து பாருங்கள். நடுச்சக்கரம் மற்ற சக்கரங்களின் மட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் அவை தூக்கிக்கொள்ளும், பாயின்ட்டில் (தடம் பிரியும் இடத்தில்) ஏறும்போது தடம் விலகும்.

இனி எண். 1954 முதல் 1960 வரை க்ரூ, ஸ்விண்டன் பட்டறைகளில் 251 என்ஜின்கள், 92000 முதல் 92250 வரை. முதலில் புகைபோக்கியை மேலிருந்து பாருங்கள். நீள்வட்டமாக இருந்தால் இரட்டைப் புகைபோக்கி. 92183க்குப் பிந்தைய எண்கள் பொருந்தும். பிரிட்டிஷ் ரயில்வே சின்னம் மாறிய 1956க்குப் பிந்தையவை என்பதால் இவற்றுக்குப் புதிய சிங்கச் சின்னம் மட்டுமே. 92020–92029 வேண்டவே வேண்டாம். அவை கிராஸ்டி கொதிகலனோடு (நீரை முன்கூட்டியே சூடாக்கும் வகை) வந்தவை, உடலமைப்பே வேறு. வடகிழக்கு இங்கிலாந்தின் எஃகு நகரான கான்செட்டுக்கு இரும்புத்தாது ரயிலை இழுத்த 92060–92066, 92097–92099 என்ஜின்களுக்கு, வேகன் கதவைத் திறக்கும் காற்றுப் பம்புகள் நடைபலகை மேல் இருக்கும். அவை இல்லாமல் அந்த எண்களை ஒட்டினால் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும். பச்சை வண்ணமும் செப்பு விளிம்புப் புகைபோக்கியும் 92220, அதாவது ‘ஈவனிங் ஸ்டார்’ ஒன்றுக்கே. மற்றவை கோடில்லாத கறுப்பு.

ஒற்றைப் புகைபோக்கி என்றால் என் தேர்வு 92134. அந்த வடிவில் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். டெண்டர் (பின்னால் இணைக்கும் நிலக்கரி, நீர் வண்டி) வகை எண்ணுக்கு எண் மாறும்; இதற்கு எல்லாப் பக்கப் புகைப்படமும் கிடைப்பதால் ஒப்பிட்டு ஒட்டலாம்.