பூஞ்சையைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிற அப்பாவுக்கே பூஞ்சைத் தொற்று ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்தோம். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தாக்காமலிருக்க தினமும் சிரோலிமஸ் சாப்பிடுகிறார். போன வாரம் நாக்கில் வெள்ளைப் படலம் வந்தது. பூஞ்சைத் தொற்று என்று ஃபுளூகோனசோல் கொடுத்து, சிரோலிமஸ் அளவைக் குறைத்துவிட்டார்கள். சிரோலிமஸே பூஞ்சைக்கு எதிரான மருந்தாகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்று படித்தேன். அப்புறம் எப்படிப் பூஞ்சை வந்தது? அளவைக் குறைத்தால் புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஏற்காமல் போய்விடாதா?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். 1964-ல் ஈஸ்டர் தீவுக்குப் போன கனடா மருத்துவக் குழு அங்கிருந்து மண் எடுத்து வந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து மான்ட்ரியல் ஆய்வகம் ஒன்று பிரித்தெடுத்ததுதான் இந்த மருந்து. தீவின் உள்ளூர்ப் பெயர் ராப்பா நூயி என்பதால் ராப்பாமைசின் என்று பெயர் வைத்தார்கள்; சிரோலிமஸின் இன்னொரு பெயர் அது. உங்கள் அப்பா நாக்கில் இருப்பது பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சையாக இருக்கும். அதைத்தான் இந்த மருந்து முதலில் தடுத்தது.

எப்படித் தடுத்தது என்பதை, மாவைப் புளிக்கவைக்கும் பூஞ்சையான ஈஸ்ட்தான் சொல்லிக்கொடுத்தது. 1991-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஹைட்மன், மோவா, ஹால் ஆகிய மூவரும் இந்த மருந்துக்குள்ளும் தப்பி வளர்ந்த ஈஸ்ட் செல்களைப் பிடித்து, எந்த மரபணு மாறியிருக்கிறது என்று தேடினார்கள். கிடைத்தவற்றில் இரண்டு மரபணுக்களுக்கு டார்-1, டார்-2 என்று பெயரிட்டார்கள். டார் புரதம்தான் 'சத்து வந்திருக்கிறது, வளரலாம்' என்று செல்லுக்குச் சொல்வது. மருந்து செல்லுக்குள் இருக்கும் ஒரு சிறு புரதத்தோடு சேர்ந்துகொண்டு டாரை மடக்கிவிடும். சுற்றிலும் சாப்பாடு இருந்தாலும் பட்டினி கிடப்பதுபோல் செல் வளராமல் நின்றுவிடும்.

இதே டார் நம் செல்களிலும் இருக்கிறது. புதுச் சிறுநீரகத்தைத் தாக்கப் பெருகும் டி செல்களை, அதாவது நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்களை, மருந்து நிறுத்துவது இப்படித்தான். ஆனால் பூஞ்சையை அடக்கி வைப்பதும் அதே டி செல்கள்தான். அப்பாவுக்குக் கொடுக்கும் அளவு அந்தச் செல்களை மட்டுப்படுத்தக் கணக்கிட்டது, பூஞ்சைக்கு வைத்தியம் பார்க்க அல்ல. காவல் தளர்ந்த இடத்தில் பூஞ்சை புகுந்துவிட்டது.

அளவைக் குறைத்ததற்குக் காரணம் வேறு. சிரோலிமஸைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை ஃபுளூகோனசோல் தடுக்கும். பழைய அளவிலேயே தொடர்ந்தால் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். அதனால் மாத்திரையைக் குறைத்தாலும் ரத்தத்தில் தேவையான அளவு இருக்கும்; பயப்படாதீர்கள். வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்து இன்னும் மோசம், அதைச் சிரோலிமஸோடு கொடுக்கவே கூடாது என்பது விதி.

நான் கவலைப்படுவது ஃபுளூகோனசோல் முடிந்த பிறகு வரும் நாட்களைப் பற்றித்தான். நொதி மீண்டும் வேலை செய்யும், சிரோலிமஸ் அளவு இறங்கும். நீங்கள் கேட்ட ஆபத்து வரக்கூடிய நேரம் அதுதான். ஃபுளூகோனசோலின் கடைசி மாத்திரை எந்தத் தேதி என்று இப்போதே உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் சொல்லி, மறுபடி ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைய சிரோலிமஸைப் போடுவதற்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். காய்ச்சல், விழுங்கும்போது வலி, சிறுநீர் குறைவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.