சவூதியில் இறந்த அண்ணனின் உடலை மும்பைக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்?

அண்ணன் ஜுபைலில் தவறிவிட்டார், அண்ணியும் பிள்ளைகளும் மும்பையில் இருக்கிறார்கள், கம்பெனி "பேப்பர் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்கிறது, எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அத்தான் தம்மாமில் மாரடைப்பில் இறந்தபோது, தாராவியிலிருந்து எல்லா ஏற்பாட்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. உடல் அங்கே மருத்துவமனைச் சவக்கிடங்கில் பத்திரமாக இருக்கும். இன்றைக்கே கையெழுத்துப் போடாவிட்டால் அங்கேயே புதைத்துவிடுவார்கள் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அண்ணி ஒரு வாய் சாப்பிட்டு, அழுது முடித்து, அப்புறம் கையெழுத்துப் போடட்டும்.

அந்தக் கையெழுத்துதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வாரிசுகள் நோட்டரி முன்னிலையில் எழுதிக் கொடுக்கும் சம்மதமும் அதிகாரப் பத்திரமும் இல்லாமல் தூதரகம் நகராது. உடலை இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும், அங்கே அதற்கான வேலைகளைச் செய்ய இன்னாருக்கு அதிகாரம் தருகிறோம் என்று அதில் இருக்க வேண்டும். அந்த இன்னார் யார் என்பதில் அவசரப்படாதீர்கள். கம்பெனி தன் ஆளின் பெயரை எழுதச் சொல்லும். அண்ணனோடு அறையில் தங்கியிருந்த, உங்களுக்குத் தெரிந்த ஒருவர் பெயரைப் போடுவதுதான் நல்லது என்பது என் எண்ணம். அத்தானுக்குக் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் இருந்தார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி, போலீஸ், ரியாத் தூதரகம் என்று அலைந்தார். ஜுபைல், தம்மாம் எல்லாம் அடங்கிய கிழக்கு மாகாணம் முழுக்க ரியாத் தூதரகத்தின் கீழ்தான் வரும், ஜெட்டா துணைத் தூதரகம் அல்ல. தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் தூதரகத்திடமே கேளுங்கள். இதே சேவையைப் பல வருடமாகச் செய்யும் சமூக ஆர்வலர்கள் அங்கே இருக்கிறார்கள், பெரும்பாலும் மலையாளிகள்.

பத்திரத்தில் நம்மவர்களுக்கு வரும் சிக்கல் பெயர்தான். ரேஷன் கார்டில் இனிஷியலோடு இருக்கும் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரையும் சேர்த்து நீளமாக இருக்கும். அக்காவின் ஆதாரில் அத்தான் பெயர் இனிஷியலோடு ஒரு விதம், பாஸ்போர்ட்டில் இன்னொரு விதம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அடித்துவிட்டு, மற்ற ஆவணங்களில் இப்படிக் குறிக்கப்பட்டவரும் இவரே என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இக்காமா எண்ணையும் (சவூதி வசிப்பு அனுமதி அட்டையின் எண்) போடுங்கள். ஊரில் அம்மா அப்பா இருந்தால் அவர்கள் கையெழுத்தையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, இதை ரொம்பவும் வலியுறுத்திச் சொல்கிறேன்: அந்தப் பத்திரம் உடலை அனுப்புவதற்கு மட்டும்தான். "சம்பள பாக்கி எல்லாம் பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு வரி இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். எங்களுக்கு வந்த நகலில் அந்த வரி இருந்தது. அடித்துவிட்டுத்தான் அனுப்பினோம், உடல் வரத்தான் செய்தது. வேலையில் இருந்தவர் இறந்தால் உடலைத் தயார் செய்து அனுப்பும் செலவு முதலாளியுடையது என்று சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-ஆவது பிரிவே சொல்கிறது. அது அவர்கள் செய்யும் உபகாரம் அல்ல. முதலாளி கைவிட்டால், வசதியில்லாத குடும்பத்துக்குத் தூதரகத்தின் இந்திய சமுதாய நல நிதியிலிருந்து உதவி கேட்கலாம். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) இணையதளத்தில் புகாரையும் பதிந்துவிடுங்கள்.

அங்கே நடக்கும் வரிசை சுருக்கமாக: மருத்துவ அறிக்கை, போலீஸ் கடிதம், தூதரகத்தில் மரணப் பதிவு, தடையில்லாச் சான்று, பாஸ்போர்ட் ரத்து, எம்பாமிங் (உடல் கெடாமலிருக்க மருந்தேற்றுவது), அப்புறம் விமானம். விபத்தோ தற்கொலையோ என்றால் விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டிவரும்.

எந்த ஊருக்கு என்பதைத் தடையில்லாச் சான்றுக்கு முன்னாலேயே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அத்தானின் அம்மா நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார்கள். மகன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். உடலை ஊருக்கே கொண்டுபோவதென்றால் திருவனந்தபுரத்தில் இறக்குவதுதான் திருநெல்வேலிக்குப் பக்கம். மும்பையில் இறக்கி அங்கிருந்து கொண்டுபோவது உடலுக்கும் குடும்பத்துக்கும் வேதனை. கடைசியில் அத்தைதான் "பிள்ளைகள் இருக்கிற இடத்திலேயே ஆகட்டும்" என்று சொல்லி ரயிலேறி வந்தார்கள்.

மும்பையில் உடல் பயணிகள் வாசல் வழியாக வராது. சஹாரில் உள்ள கார்கோ வளாகத்துக்குப் போக வேண்டும். விமான நிலையச் சுகாதார அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் வெளியே விடமாட்டார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து அதற்கு 'இ-கேர்' என்ற மத்திய அரசின் இணையதளம் இருக்கிறது. மரணச் சான்று, எம்பாமிங் சான்று, தூதரகத் தடையில்லாச் சான்று, ரத்தான பாஸ்போர்ட் ஆகிய நான்கும் அதில் ஏற வேண்டும். விமானம் கிளம்பும் முன்பே ஏற்றியாகிவிட்டதா என்று அங்கிருப்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) எண்ணையும் வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள், கவுன்டரில் முதலில் கேட்பது அதைத்தான்.

அண்ணியை அங்கே கூட்டிப்போகாதீர்கள். மற்ற சரக்குகளுக்கு நடுவே ஃபோர்க்லிஃப்டில் பெட்டி வரும். பக்கவாட்டில் ஒட்டிய தாளில் பெயரைப் படித்துத்தான் நம் ஆள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தாங்கக்கூடிய இரண்டு ஆண்கள் போனால் போதும். ஆம்புலன்ஸ்காரரிடம் வெளிநாட்டுப் பெட்டி என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அது சாதாரணப் பாடையைவிட நீளம், கனமும் அதிகம்.

பெட்டியைத் திறப்பது தனி வேலை. மரப் பலகைக்கு உள்ளே தகரம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். தகரம் வெட்டும் கத்தரியோடு ஓர் ஆளை ஏற்பாடு செய்திருந்தோம். திறந்ததும் மருந்து நெடி கண்ணை எரித்தது. முதலில் நான் பார்த்து, முகத்தைத் துடைத்து, திருநீறு பூசி, வேட்டியைப் போர்த்திய பிறகுதான் அக்காவையும் பிள்ளைகளையும் உள்ளே விட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தகரத்தோடு மின் தகன மேடையில் ஏற்ற முடியாது என்பதால் எப்படியும் உடலை வெளியே எடுத்தாக வேண்டும். சயான் சுடுகாட்டில் தூதரகச் சான்றின் நகலைக் காட்டினோம்.

காரியம் முடிந்த பிறகு வருவது வாரிசுச் சான்று. இறப்பு வெளிநாட்டில் என்பதால் மும்பை மாநகராட்சியில் மரணச் சான்று கேட்காதீர்கள். தூதரகத்தில் பதிந்து தருவதுதான் உங்களுக்கான சான்று. வங்கி, எல்ஐசி, பென்ஷன் எல்லாவற்றுக்கும் அதுதான், அசலைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாட்டில் வாரிசுச் சான்றிதழைத் தாசில்தார் கொடுத்துவிடுவார். மகாராஷ்டிராவில் அதற்கு நீதிமன்றம் போக வேண்டும், வக்கீலை இப்போதே பார்த்து வையுங்கள். சவூதியில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று பணிக்கொடை உண்டு. அது அண்ணியின் பணம். அண்ணன் பத்தாவது முடிக்காமல் இசிஆர் (வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட்டில் போனவரா என்றும் பாருங்கள். அப்படியானால் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு எடுத்திருப்பார். விபத்து மரணம் என்றால் அதில் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும், அந்தப் பாலிசிக் காகிதம் பெரும்பாலும் வீட்டு பீரோவிலேயே இருக்கும்.